அரிப்பு சித்திக்கு, தண்டனை துணிக்கு

என் சித்தி பெண்களுக்கான உள்ளாடை தைக்கும் பட்டறையில் செக்கிங் வேலை பார்க்கிறாள். தைத்து முடித்த ஒவ்வொரு பீஸும் அவள் மேசைக்கு வந்து, அவள் விரல்களுக்கிடையே புரண்டு, அவள் முகம் சுளிக்காமல் இருந்தால்தான் அட்டைப்பெட்டிக்குள் போகும். கழுத்தில் கயிறு கட்டி ஒரு பூதக்கண்ணாடியைத் தொங்கவிட்டிருப்பாள். அதனால் பட்டறையில் எல்லோரும் அவளை நேரில் பூதக்கண்ணாடி அக்கா என்றும், அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் பூதம் என்றும் சொல்வார்கள். இரண்டும் அவளுக்குத் தெரியும். "பூதம்னு சொல்லட்டும். குருட்டுப் பூதம்னு சொல்லாத வரைக்கும் சரி" என்பாள்.

நான் அவளுடைய அக்கா மகள். அவள் வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். அதே பட்டறையின் அலுவலக அறையில் உட்கார்ந்து வியாபாரிகளுக்கு இரண்டு மொழிகளில் கடிதம் எழுதுவது என் வேலை. முதலாளியும் அந்த அறையில்தான் இருப்பார். பல வருடங்களாகப் பெண்கள் உள்ளாடை தைத்து விற்கிறார். ஆனால் இன்றுவரை அதன் பெயரை அவர் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. 'சரக்கு' என்பார். பெரிய அளவு என்றால் 'பெரிய சரக்கு'. போனில் அவர் பேசுவதை யாராவது ஒட்டுக்கேட்டால் போலீசுக்குச் சொல்லிவிடுவார்கள்.

சித்தி வேலை பார்க்கும் விதத்தில் ஒரு ரகசியம் உண்டு. புதுத் துணி வந்ததும் முதலில் ஒரே ஒரு பீஸ் தைத்து அவளிடம் கொடுப்பார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அதை அவள் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இழுப்பறையில் எதுவும் கிடையாது. அவள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, அலசிக் காயவைத்து, மறுநாள் முழுக்க உடுத்திப் பார்ப்பாள். பேருந்தில் உட்காருவாள், மாடிப்படி ஏறுவாள், குனிந்து பெருக்குவாள். எலாஸ்டிக் கடிக்கிறதா, தையல் உறுத்துகிறதா என்று உடம்பே சொல்லிவிடும். இப்படிச் செய்யச் சொல்லி அவளிடம் யாரும் கேட்கவில்லை. "சமைக்கிறவ உப்பு பார்க்க வேண்டாமா?" என்று ஒருமுறை என்னிடம் மட்டும் சொன்னாள்.

அந்த மாதம் இளஞ்சிவப்புத் துணி வந்தது. சாயக்காரர் தானே சுமந்து வந்து இறக்கினார். சின்னப் பட்டறை வைத்திருக்கும் மனிதர். அவருக்கு வேலை கொடுப்பவர்களில் எங்கள் முதலாளிதான் பெரிய ஆள். இந்த நிறம் சரியாக வருவதற்குள் தன் தலைமுடி பாதி உதிர்ந்துவிட்டதாகச் சொல்லிச் சிரித்தார்.

சித்தி வழக்கம்போல் முதல் பீஸை உடுத்திப் பார்த்தாள். மறுநாள் காலையில் அவள் நாற்காலியில் உட்கார்ந்த விதத்தைப் பார்த்தபோதே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. முதலில் இடப்பக்கம் சாய்ந்தாள். பிறகு வலப்பக்கம் சாய்ந்தாள். பிறகு எழுந்து நின்றுகொண்டே வேலை பார்த்தாள். மதியத்துக்குள் முதலாளியிடம் வந்து நின்றாள்.

"மொதலாளி, இந்தத் துணி வேண்டாம். அரிக்குது."

"அரிக்குதா? எங்க?"

சித்தி ஒரு கணம் தடுமாறினாள். "கையில" என்றாள்.

பூதக்கண்ணாடி அக்கா ஒன்றை வேண்டாமென்று தள்ளினால் தள்ளியதுதான். இதுவரை அவள் வேண்டாம் என்றதைத் திரும்ப எடுத்ததாகச் சரித்திரம் இல்லை. முதலாளி உடனே வெட்டும் வேலையைத் தொடங்க வேண்டாம் என்றார். செய்தி தையல் கூடத்துக்குள் நுழைந்ததுதான் தாமதம், எல்லோருக்கும் அரிக்க ஆரம்பித்துவிட்டது. துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினில் உட்காரும் அக்காவுக்குக் கழுத்தில் அரித்தது. இஸ்திரி போடுகிற அண்ணனுக்கு முதுகில் அரித்தது, கதவு நிலையில் சாய்ந்து கரடிபோல் தேய்த்துக்கொண்டார். கட்டிங் மாஸ்டர் அன்று அந்தத் துணியைத் தொடவே இல்லை, ஆனாலும் அவருக்கு இரண்டு காதும் அரித்தன. முதலாளி கண்ணாடி ஜன்னல் வழியாக இதையெல்லாம் பார்த்துவிட்டுத் தன் முழங்காலைச் சொறிந்தார்.

சாயக்காரருக்கு ஆள் அனுப்பினார்கள். மனிதர் ஓடி வந்தார்.

"அக்கா, சத்தியமா சொல்றேன், எப்பவும் போடுற சாயம்தான். எப்பவும் அலசுற தண்ணிதான். என்னக்கா அரிக்குது உங்களுக்கு?"

"அரிக்குதுன்னா அரிக்குது தம்பி. அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

"அப்ப நான் தலையில துண்டைப் போட்டுக்கிட்டுப் போக வேண்டியதுதான்" என்றவர், சொன்னபடியே செய்தார். அந்த இளஞ்சிவப்புத் துணியில் ஒரு முழம் கிழித்துத் தலையில் முண்டாசாகக் கட்டிக்கொண்டு பட்டறை வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மறுநாளும் வந்தார், அதே முண்டாசு. போகிற வருகிறவர்களிடமெல்லாம் குனிந்து தலையைக் காட்டினார். "பாருங்க, அரிக்குதா? பாதி மொட்டைத் தலை. இதைவிடப் பூஞ்சையான தோல் இந்த உலகத்துல உண்டா?"

முதலாளி மனம் இளகவில்லை. சனிக்கிழமை லாரி வரும், துணி முழுவதையும் ஏற்றித் திருப்பி அனுப்பு என்று சொல்லிவிட்டார். இனி சாயத்துக்கு வேறு ஆள் பார்ப்பதாகவும் சொன்னார். திருப்பியனுப்பிய சாயம் என்று ஒருமுறை பெயர் வந்துவிட்டால் மற்ற பட்டறைகளும் கதவைச் சாத்திவிடும். சாயக்காரர் முண்டாசோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் சித்தியின் நிலைமை மோசமாகிக்கொண்டே போனது. அவள் தனக்குத் தானே வைத்தியம் பார்த்துக்கொண்டாள். முதலில் மருந்துக்கடை. துணைக்கு என்னை அழைத்துப் போனாள்.

"அரிப்புக்கு ஒரு களிம்பு குடுங்க."

"எங்கம்மா அரிப்பு?" என்றார் கடைக்காரர்.

"முழங்கையில."

"கொஞ்சம் காட்டுங்க."

சித்தி கையை மடக்கிக் காட்டினாள். கடைக்காரர் விளக்கை இழுத்துப் பிடித்துப் பார்த்தார். பளிங்குபோல் இருந்தது முழங்கை.

"ஒண்ணுமே இல்லையேம்மா?"

"உள்ளுக்குள்ள இருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். நான் இருமல் மிட்டாய்ப் பாட்டிலைப் பார்த்தேன். முழங்கைக்கு என்று அவர் கொடுத்த களிம்பை சித்தி போட வேண்டாத இடத்தில் போட்டுக்கொண்டு, அன்று மாலை முழுவதும் சமையலறையில் ஒற்றைக் காலில் நின்றாள். அது போதாதென்று கிருமிநாசினி சோப்பை வேறு நுரைக்க நுரைக்கப் போட்டுக் கழுவினாள். எரிச்சல் இரட்டிப்பானது. குளியலறைக்குள்ளிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு சித்தப்பா, "எலி ஏதாவது புகுந்துடுச்சா?" என்று கேட்டார். சித்தப்பாவுக்கு உலகத்தில் உள்ள எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான் தெரியும். "தண்ணி நிறைய குடி" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் வாயைத் திறந்தேன். இரண்டு மொழி படித்தும் அந்த விஷயத்தைச் சொல்ல ஒன்றிலும் எனக்கு வார்த்தை வரவில்லை. சுற்றி வளைத்துத்தான் கேட்டேன்.

"சித்தி, அந்த பீஸைக் கழட்டிப் போட்டு நாளாச்சே. இப்ப பழசைத்தானே போட்டிருக்கீங்க. இன்னும் ஏன் அரிக்குது?"

"சாயம் உள்ள இறங்கிடுச்சுடி."

"சாயக்காரர் தலையில இறங்கலையே?"

"அவன் தலையில இறங்குறதுக்கு என்ன இருக்கு?" என்றாள். ஆனால் சொன்ன வேகத்திலேயே அவள் முகம் மாறியது. பொய்த் தையலைக் கண்டுபிடிக்கிற முகம் அது. "எந்த டாக்டர்கிட்ட போறது?" என்று கேட்டாள்.

பெண் டாக்டர்தான். ஆனால் மேடைப் பேச்சாளர் குரல். கதவோ மெல்லிய பலகைக் கதவு. வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க அரிப்பு?" என்றார் டாக்டர்.

"கீழ" என்றாள் சித்தி.

"கீழன்னா? கால் விரல்லயா?"

"அதுக்கு மேல."

"முட்டியிலயா?"

"அதுக்கும் மேல."

"இடுப்புலயா?"

"அதுக்குக் கீழ."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இப்படி லிஃப்ட் மாதிரி ஏறி ஏறி இறங்குனா எப்படிம்மா? வாடகை வீடா அது? உங்க சொந்த இடம்தானே. பேரைச் சொல்ல என்ன கூச்சம்? யோனி. வெளிப்பக்கமா அரிக்குதா, உள்ளயா?"

வெளியே ஒரு பத்திரிகை கீழே விழுந்த சத்தம் கேட்டது.

"ரெண்டு பக்கமும்" என்றாள் சித்தி, தரையைப் பார்த்தபடி. "எரியுது. ஒண்ணுக்குப் போனா ரொம்ப எரியுது."

"வெள்ளை படுதா? எப்படி இருக்கு, தண்ணியாவா, கெட்டியாவா?"

இந்தக் கேள்வி வந்ததும் சித்தி நிமிர்ந்தாள். தரம் பற்றி யாரோ அவளிடம் கேட்டுவிட்டார்கள். இதற்குமேல் கூச்சத்துக்கு அங்கே இடமில்லை.

"கெட்டி. திரிஞ்ச பால் மாதிரி திட்டுத் திட்டா. நெறம் வெள்ளை. பழுப்பு கலந்த வெள்ளை இல்ல, நல்ல ப்ளீச்சிங் வெள்ளை. வாடை கிடையாது. நூல் மாதிரி இழுபடல, ஒட்டிக்குது."

"அடேங்கப்பா" என்றார் டாக்டர். "இவ்வளவு தெளிவா எனக்கு யாருமே சொன்னதில்ல. சமீபத்துல ஏதாவது மாத்திரை சாப்பிட்டீங்களா?"

"பல் புடுங்குனேன். சீழ் வெச்சிருந்துச்சு. அதுக்கு ஆன்டிபயாடிக் குடுத்தாங்க."

"ம்ம். சுகர் இருக்கா?"

"பார்த்ததில்ல."

"பார்த்துடுவோம். முன்னாடி எப்பவாவது இப்படி வந்திருக்கா? களிம்பு ஏதும் போட்டீங்களா?"

சித்தி என்னைப் பார்த்தாள். "முழங்கைக் களிம்பு போட்டாங்க" என்றேன்.

"கேக்குறதை வெச்சுப் பார்த்தா பூஞ்சைத் தொத்து மாதிரி இருக்கு. ஆனா கேட்டதை மட்டும் வெச்சு நான் முடிவு பண்ண மாட்டேன்" என்றார். "அரிக்கிறதெல்லாம் பூஞ்சை இல்ல. வேற கிருமியாலயும் அரிக்கும், சோப்பு ஒத்துக்காமலும் அரிக்கும். பாக்குறதுக்கு எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், மருந்து வேற வேற. மேல ஏறிப் படுங்க, சாம்பிள் எடுக்கணும்."

சாம்பிள் என்ற சொல் சித்திக்குப் பிடித்துப்போனது. மறுபேச்சு பேசாமல் திரைக்குப் பின்னால் போய்ப் படுத்தாள். டாக்டர் விளக்கைப் போட்டுப் பார்த்தார். சிவந்திருக்கிறது, வீங்கியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே நுனியில் பஞ்சு சுற்றிய ஒரு குச்சியால் தொட்டெடுத்தார். அதில் கொஞ்சத்தை ஒரு சிறு காகிதத் துண்டில் தடவி, அது காட்டிய நிறத்தைப் பெட்டியிலிருந்த நிற அட்டையோடு வைத்துப் பார்த்தார்.

"என்ன ஷேட் பாக்குறீங்க?" என்று திரைக்குப் பின்னாலிருந்து சித்தியின் குரல் வந்தது.

"புளிப்பு எவ்வளவுன்னு பாக்குறேன். வேற கிருமியா இருந்தா பெரும்பாலும் இது மாறிடும். உங்களுக்கு மாறல. பூஞ்சைன்னா இப்படித்தான் இருக்கும்."

மீதியைச் சிறு கண்ணாடித் தகட்டில் தடவி, ஒரு சொட்டு மருந்து விட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்தார். பார்த்துத் தலையாட்டினார். சித்தி உடையைச் சரிசெய்துகொண்டு வந்தவள் நேராக மைக்ராஸ்கோப்பின் பக்கத்தில் போய் நின்றாள்.

"நான் பார்க்கலாமா?"

"பாருங்க. உங்களோடதுதானே."

சித்தி ஒரு கண்ணை மூடிக் குனிந்தாள். நிமிரவே இல்லை. வெளியே வரிசையில் யாரோ இருமினார்கள்.

"டாக்டரம்மா, பிசிறு!"

"என்னது?"

"நூல் பிசிறு. அங்கங்க மணி மணியா முடிச்சு வேற. தைச்சவ நூலை வெட்டாமலே விட்டிருக்கா!"

"அதுதான் பூஞ்சை" என்றார் டாக்டர். "அந்த மணிங்க மொட்டு விடும், நீளும், நூலாகும். நம்ம உடம்புல கொஞ்சம் எப்பவுமே இருக்கிறதுதான். நல்ல கிருமிங்க அதை அடக்கி வெச்சிருக்கும். நீங்க பல்லுக்குத் தின்ன மாத்திரை திருடனையும் சுட்டுச்சு, காவக்காரனையும் சுட்டுச்சு. ஆளில்லாத வீட்ல இது புகுந்து விளையாடுது. ராத்திரியில உள்ள வைக்கிற மாத்திரை தர்றேன், வெளிய தடவக் களிம்பு தர்றேன். அரிப்பு நின்னாலும் பாதியில நிறுத்தக் கூடாது. சோப்பைத் தூக்கித் தூரப் போடுங்க, வெறும் தண்ணி போதும்."

சித்தி நகராமல் நின்றாள். "துணியில சாயம் சரியில்லாம வந்திருக்குமா?"

"என்ன துணி?"

"பருத்தி. நல்லா அலசுனது."

"அப்ப துணி என்ன பாவம் பண்ணிச்சு? ஈரத்தோட போட்டாலோ, காத்துப் புகாத துணியை இறுக்கமாப் போட்டாலோதான் தொந்தரவு கூடும். நீங்க சொல்றது இதுக்கு நல்ல துணிம்மா."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பேருந்தில் திரும்பினோம். இறங்குவதற்கு முந்தைய நிறுத்தத்தில் நான்தான் ஆரம்பித்தேன். "இன்னொரு தடவை பார்த்தேன், துணி சரியாத்தான் இருக்குன்னு சொல்லிடுங்க சித்தி. யாரு கேக்கப் போறாங்க?"

"கேக்க மாட்டாங்க. அதுதான் கஷ்டம். தள்ளுனதைக் காரணம் சொல்லாம எடுத்தா, பூதத்தை எதையோ குடுத்து சரிக்கட்டிட்டான்னு சாயக்காரனைத்தான் பேசுவாங்க. மொதலாளி அடுத்த லோடுக்கு வேற ஆளைத்தான் தேடுவார்." பேருந்து நின்றதும் எழுந்துகொண்டே, "காரணத்தைச் சொல்லணும்" என்றாள். பல் பிடுங்கியபோதுகூட அவள் குரல் இவ்வளவு மெலிந்து கேட்டதில்லை.

சனிக்கிழமை லாரி வந்துவிட்டது. ஆட்கள் துணிக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். முதலாளி வாசலில் நின்று மேற்பார்வை பார்த்தார். சாயக்காரர் முண்டாசோடு ஒரு கட்டின்மேல் கை வைத்துக்கொண்டு, மகளை மாமியார் வீட்டுக்கு அனுப்பும் தகப்பன்போல் நின்றார்.

"மொதலாளி, ஏத்தாதீங்க" என்றாள் சித்தி. "துணியில குத்தம் இல்ல. குத்தம் எங்கிட்ட."

முதலாளி பதறிப்போனார். "வேலையை விட்டுப் போறீங்களா? ஏம்மா, யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"அது இல்ல மொதலாளி. அரிச்சது கையில இல்ல."

"சரி சரி, புரியுது, புரியுது" என்றார் முதலாளி. ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஏதோ வரப்போகிறது என்பது மட்டும் புரிந்து, கடிகாரத்தைப் பார்த்தார், மேலே பார்த்தார், சட்டைப் பையில் எதையோ தேடினார். "அப்புறம் பேசிக்கலாம்மா."

"இப்பவே பேசணும். லாரி நிக்குது." சித்தி மூச்சை இழுத்துக்கொண்டாள். "முதல் பீஸை நான் எப்பவும் உடுத்திப் பார்ப்பேன். அப்படித்தான் செக்கிங் பண்றேன். இந்தத் தடவை உடுத்துன மறுநாளே அரிச்சுது, துணியாலன்னு நெனச்சேன். துணி இல்ல. எனக்கு யோனியில பூஞ்சைத் தொத்து. பல்லுக்குத் தின்ன மாத்திரையால வந்தது. டாக்டர் சாம்பிள் எடுத்து லென்ஸ்ல பார்த்துச் சொன்னாங்க. நானும் பார்த்தேன்."

உள்ளே மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. முதலாளியின் முகம் அந்தத் துணியின் நிறத்துக்கே வந்துவிட்டது. அவர் நேராக லாரி ஓட்டுநரிடம் போய், "இறக்கு" என்றார். அன்று மாலை வரை அவர் பேசிய ஒரே சொல் அதுதான்.

சாயக்காரர் முண்டாசை அவிழ்த்து மடித்தார்.

"தம்பி, தப்பு என்மேலதான்" என்றாள் சித்தி. "உங்களை வாசல்ல உக்கார வெச்சுட்டேன்."

"விடுங்கக்கா. தலையில காத்துப் படாம ரெண்டு முடி கூடுதலா வளர்ந்த மாதிரிகூட இருக்கு." அவர் சிரித்தார், ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்ப எப்படி இருக்கு உங்களுக்கு?"

"நேத்துதான் மருந்து ஆரம்பிச்சிருக்கேன்."

அந்த நிமிடத்திலிருந்து பட்டறையில் யாருக்கும் கழுத்து அரிக்கவில்லை, முதுகு அரிக்கவில்லை. கட்டிங் மாஸ்டர் மட்டும் காதைத் தேய்த்துக்கொண்டே, "எனக்கு இன்னும் லேசா இருக்கே, அந்த டாக்டர்கிட்ட நானும் போகலாமா?" என்று கேட்டார். கூடம் முழுக்கச் சிரித்ததில், பாவம், அவரால் இரண்டு நாள் வெளியே தலைகாட்ட முடியவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் ஓவர்லாக் அக்கா சித்தியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, கழுத்துன்னு நான் சொன்னது சும்மா. எனக்கும் நீ சொன்ன எடத்துலதான், ரெண்டு மாசமா. உன் மருந்துல மிச்சம் இருந்தா குடேன்."

முந்தின வாரமாக இருந்திருந்தால் சித்தி தன் மருந்தைக் கொடுத்துக் கூடவே முழங்கைக் களிம்பையும் கொடுத்திருப்பாள். "சாம்பிள் பாக்காம நான் பாஸ் போட மாட்டேன். டாக்டர்கிட்ட போ" என்றாள். அக்கா போனாள். அவளுக்குப் பூஞ்சை இல்லையாம், வாசனை போட்ட சோப்புத் திரவம் ஒத்துக்கொள்ளவில்லையாம். அதைக் கேட்டு சித்திக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். "ஒரு பிசிறுகூட இல்லையா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

இளஞ்சிவப்புச் சரக்கு நன்றாக விற்றது. சாயக்காரருக்கு இப்போது எங்கள் வேலை முன்பைவிட அதிகம். ஒவ்வொரு லோடும் கிளம்பும் முன் அவர் பட்டறைக்குப் போன் செய்து, முதலாளியைக் கேட்காமல் சித்தியைக் கேட்கிறார். முதலாளி போனை எடுத்து ஒரு வார்த்தையும் பேசாமல் சித்தியிடம் நீட்டிவிட்டு வெளியே போய் நின்றுகொள்வார்.

"அக்கா, பச்சை ரெடியா இருக்கு. உங்க உடம்பு எப்படி இருக்கு? சுகமா இருந்தாத்தான் ஏத்துவேன்."

"சுகம்தான் தம்பி. பல்லுகூட வலிக்கல. ஏத்துங்க" என்று சித்தி, கூடத்தில் கடைசி மெஷினில் இருப்பவளுக்கும் கேட்கும்படி சொல்வாள்.